சத்தம் நின்னா கை நிக்கும்

நான் டவர் கிரேன் ஓட்டுறவன். இருபத்தொரு வருஷமா அதான் வேலை. தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்துல ஒரு கண்ணாடிக் கூண்டு, எங்க வீட்டு பாத்ரூமை விடக் கொஞ்சம் சின்னது. காலைல ஏணியில ஏறுனா சாப்பாட்டுக்கு ஒரு தடவை இறங்குவேன். அதுவும் எல்லா நாளும் இல்ல. பத்து மணி நேரம் ஒரே சீட்டு. காத்தடிச்சா கூண்டு ஆடும், நானும் ஆடுவேன். இதை முதல்லயே சொல்லிடுறேன். ஏன்னா மூணு மணி நேரம் ஒரு நாற்காலியில உக்காந்து பரீட்சை எழுத முடியாத ஆளுன்னு என்னைப் பத்தி சைட்ல ஒரு பேச்சு இருந்துச்சு.

முன்னெல்லாம் அனுபவம் இருந்தா லைசென்ஸைப் புதுப்பிச்சுக் குடுத்துடுவாங்க. இப்ப எல்லாருக்கும் ஒரே மாதிரி பரீட்சை. கம்ப்யூட்டர்ல நூத்தியம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை, மூணு மணி நேரம். தொண்ணூறு சரியா இருக்கணும். மூணு வாய்ப்புதான். மூணும் போச்சுன்னா ரெண்டு வருஷத்துக்கு கிரேன் பக்கமே போகக்கூடாது.

முதல் தடவை அம்பத்திரெண்டு வாங்கினேன். ரெண்டாவது தடவை அம்பத்தெட்டு.

எங்க இஞ்சினியர் நல்ல மனுஷன். ரெண்டாவது ரிசல்ட் வந்த அன்னிக்கு என்னைத் தனியா கூப்பிட்டு, "கவலைப்படாதீங்க, உங்களை விட்டுட மாட்டோம்"னு சொல்லி ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அங்க ஒரு நாற்காலியைக் காட்டுனாரு. ஹெல்மெட் எடுத்துக் குடுத்து கையெழுத்து வாங்குற வேலை. அந்த ரூம்ல ஜன்னல் கிடையாது. நாற்காலிக்கு அஞ்சு சக்கரத்துல ஒண்ணு இல்ல. "உக்காந்து பாருங்களேன்"னாரு. உக்காந்தேன். ஒரு பக்கமா சாஞ்சுச்சு.

பரீட்சையில எனக்கு என்ன ஆகுதுன்னா, முதல் பத்து பதினஞ்சு நிமிஷம் நல்லா போகும். அப்புறம் வலது கை நின்னுடும். மவுஸ் மேலதான் இருக்கும். கேள்வி புரியும், விடையும் தெரியும், விரல் அமுக்காது. நான் காத்துக்கிட்டு இருப்பேன். எதுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன்னு எனக்கே தெரியாது. யாராவது இருமினா, பேனாவைக் கீழ போட்டா, ரெண்டு கேள்வி ஓடும். திரும்ப நின்னுடும்.

எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. டென்ஷன். ஆளாளுக்கு வைத்தியமும் சொன்னாங்க. ரெண்டாவது கிரேன் ஓட்டுறவன், அவனும் இனிமேதான் எழுதணும், "வாழைப்பழம் சாப்பிட்டுப் போங்க, மூளை நிக்காம ஓடும்"னான். சாப்பிட்டுப் போனேன், மூளை ஓடுச்சு, கை ஓடல. காலேஜ் படிக்கிற என் மக மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்தா. நாலு எண்ணி இழுக்கணும், ஏழு எண்ணி நிறுத்தணும், எட்டு எண்ணி விடணும். எண்ணி முடிக்கிறதுக்குள்ள கேள்வி என்னன்னு மறந்துபோச்சு.

என் வீட்டுக்காரி ஒரு லேப்ல ரத்தம் எடுக்குற வேலை பாக்குறா. அவ மட்டும் ஒத்துக்கல.

"பயப்படுறவங்களை நான் தினம் நாப்பது பேரைப் பாக்குறேன். பயந்தா முகம் வெளுக்கும், உள்ளங்கை வேர்க்கும், என்னைப் பாக்காம செவுத்தைப் பாப்பாங்க. உங்களுக்கு இதுல எது இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப பயம் இல்ல. வேற என்னமோ."

"வேற என்ன?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் லேப்ல இருக்கேன்?"

மூணாவது பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு ஞாயித்துக்கிழமை ரேடியோ வீட்டுக்கு வந்தான். ரேடியோன்னா ஆளு. கீழ நின்னு எனக்கு சிக்னல் குடுக்குறவன். பதினோரு வருஷமா அவன் கீழ, நான் மேல. லோடு எங்க இருக்கு, எவ்வளவு இறக்கணும்னு வாக்கி-டாக்கியில சொல்லிட்டே இருப்பான். வேலை நேரத்துல சொல்றது வேலைக்காக. மத்த நேரத்துலயும் வாய் ஓயாது, அதனாலதான் அந்தப் பேரு. நான் கிரேனை விட்டு இறங்குனா அவனுக்கு எவனோ ஒரு புது ஆளு வருவான். அந்தக் கவலை அவனுக்கு.

அப்ப மக எனக்கு மாதிரிப் பரீட்சை வச்சிக்கிட்டிருந்தா. ஹால் மேஜையில லேப்டாப், பக்கத்துல கடிகாரம், டிவி கூடாது, யாரும் பேசக்கூடாது. ரேடியோவையும் வாயில விரல் வச்சு சோபாவுல உக்கார வச்சா. பாவம், உக்காந்தான். பாக்கவே சங்கடமா இருந்துச்சு, வெயில்ல கட்டிப்போட்ட நாய் மாதிரி.

இருபத்திரெண்டாவது கேள்வியில கை நின்னுது.

"அவ்ளோதான், அப்பா படுத்துட்டாரு"ன்னா மக, மெதுவா.

ரெண்டு நிமிஷம் போச்சு. மூணு நிமிஷம் போச்சு. ரேடியோவால முடியல. அவன் மச்சினன் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்குன கதையை ஆரம்பிச்சுட்டான். "அண்ணி, கேளுங்க, அந்த வண்டிக்கு ஹாரன் இருக்கு, பிரேக் இல்ல. வித்தவன் என்ன சொல்றான்னா, ஹாரன் அடிச்சா எல்லாரும் விலகிடுவாங்க, அப்புறம் பிரேக் எதுக்குங்கறான்..."

"சித்தப்பா! பேசாதீங்க!"

அவன் நிறுத்துனான். மக என் பக்கம் பாத்தா. அவன் பேசுன வரைக்கும் ஓடுன கை, இப்ப திரும்ப நின்னிருந்துச்சு. அப்புறம் அவனைப் பாத்தா.

"சித்தப்பா, பேசுங்க."

"பேசாதேன்ன."

"இப்ப பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. ஸ்கூட்டரையே பேசுங்க."

பேசுனான். ஸ்கூட்டர் முடிஞ்சு, மச்சினன் அதுக்கு முன்னாடி வாங்குன வண்டி முடிஞ்சு, அவங்க மாமனார் வரைக்கும் போயிட்டான். நான் எம்பது கேள்வி தாண்டிட்டேன்.

ரேடியோதான் அப்புறம் விஷயத்தை எடுத்துச் சொன்னான். எங்க வேலையில ஒரு விதி. லோடு நகருற வரைக்கும் கீழ இருக்கிறவன் பேசிட்டே இருக்கணும். "இறக்கு, இறக்கு, இறக்கு, மெதுவா, மெதுவா" அப்படின்னு விடாம. குரல் நின்னா மேல இருக்கிறவன் அந்த நொடியே லீவர்லருந்து கையை எடுத்துடணும். பேட்டரி போச்சா, சிக்னல்காரன் விழுந்துட்டானா, என்ன ஏதுன்னு யோசிக்கக் கூடாது. சத்தம் நின்னா கை நிக்கணும். தப்பினா கீழ ஒருத்தன் சாவான். இருபத்தொரு வருஷமா நான் தப்பினதில்ல.

"இதைப் போயி டென்ஷன்னு சொன்னீங்களே"ன்னா வீட்டுக்காரி, பொதுவா எல்லாரையும் பாத்து.

காரணம் தெரிஞ்சா பாதி சரியான மாதிரிம்பாங்க. எனக்கு அப்படி ஒண்ணும் ஆகல. பரீட்சை ஹாலுக்கு ரேடியோவைக் கூட்டிட்டுப் போக முடியாதே. பேசுற பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுப் பாத்தோம். ஒரு வாரம் நிமிஷத்துக்கு ஒரு வார்த்தை, அடுத்த வாரம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு. முழுசா நிறுத்துன அன்னிக்கு திரும்ப இருபத்திரெண்டாவது கேள்வி. மனசுக்குள்ள நானே சொல்லிப் பாத்தேன். கை நம்பல. என் குரலைக் கேட்டு அது என்னிக்கும் வேலை செஞ்சதில்ல.

ரெண்டு வாரம் இருக்கும்போது ரேடியோ கேட்டான், "அண்ணே, பேட்டரி போனா நாம என்ன பண்ணுவோம்?"

"நிறுத்துவேன். நீ கையைக் காட்டுவ. கையைப் பாத்து இறக்குவேன்."

"அந்தக் கை ஏன் என் கையாவே இருக்கணும்? உங்க இடது கை அங்க சும்மாதானே கிடக்குது?"

இறக்குன்னு சொல்ற சைகை ரொம்ப சுலபம். ஆள்காட்டி விரலைக் கீழ நீட்டி சின்னதா வட்டம் போடணும். போட்டுட்டே இருக்கணும், நின்னா நிறுத்துன்னு அர்த்தம். கீபோர்டு பக்கத்துல இடது கையை வச்சு விரலைக் கீழ காட்டி சுத்துனேன். வலது கை எந்த எதிர்ப்பும் சொல்லல. வீட்ல முழு அமைதி, மூணு மணி நேரம், நூத்தியெட்டு மார்க்.

"பாக்க ஒரு மாதிரி இருக்குப்பா"ன்னா மக.

"பாஸானா போதும்"னேன்.

நாலு பேர் சேர்ந்து யோசிச்சோம். இந்த இடத்துல வரப்போற சிக்கல் நாலு பேருக்கும் தோணல.

பரீட்சை அன்னிக்கு காலைல மக செருப்பு போட்டுட்டுப் போகச் சொன்னா, காலுக்குக் காத்தோட்டமா இருக்குமாம். என்கிட்ட இருக்குறது சேஃப்டி ஷூதான், முன்னாடி இரும்பு மூடி வச்சது. அதைப் போட்டாதான் வேலைக்குப் போற மாதிரி இருக்கும்னு போட்டுட்டேன். வாசல்ல இருந்த சோதனைக் கருவி கத்துச்சு. ஷூவைக் கழட்டிக் காட்டுனேன், தட்டிப் பாத்துட்டு விட்டுட்டாங்க.

ஹால்ல முப்பது கம்ப்யூட்டர். கிரேன் மட்டும் இல்ல, பல தொழில்காரங்களும் அங்கதான் எழுதுறாங்க. என் பக்கத்துல முடி வெட்டுற ஒரு அம்மா. பின்னாடி பாய்லர் ஆளு. கண்காணிக்க ஒரு மேடம், கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டிருந்தாங்க.

ஒம்பதரைக்கு ஆரம்பிச்சுது. பத்து நிமிஷத்துல ஹால் அமைதியாச்சு. இடது விரலைக் கீழ காட்டினேன். சுத்துனேன். இருபத்திரெண்டாவது கேள்வி வந்துச்சு. போச்சு. நாப்பது போச்சு. இந்த ஹால்ல இத்தனை தூரம் நான் எந்தத் தடவையும் கை நிக்காம வந்ததில்ல. எழுபத்தொண்ணாவது கேள்வியில என் தோள்ல ஒரு கை விழுந்துச்சு.

"எந்திரிங்க"ன்னாங்க மேடம்.

பக்கத்து ரூம்ல பரீட்சைப் பொறுப்பாளர் ஒருத்தர் இருந்தாரு. மேடம் அவர்கிட்ட, "முப்பத்தஞ்சு நிமிஷமா நான் பாக்குறேன் சார், சைகை காட்டுறாரு. நிறுத்தவே இல்ல"ன்னாங்க.

அவரு என்னைப் பாத்தாரு. "யாருக்குக் காட்டுனீங்க?"

"எனக்குத்தான் சார்."

"உங்களுக்கு நீங்களே எதுக்குக் காட்டணும்?"

"காட்டலைன்னா கை நின்னுடும் சார்."

அதை ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டாரு. எழுதிட்டு ஒரு தடவை படிச்சுப் பாத்தாரு. அப்புறம் கேமரா பதிவைப் போட்டாங்க. மூணு பேரும் பாத்தோம். ஒரு பெரிய மனுஷன் மூஞ்சியில எந்த அசைவும் இல்லாம விரலை மட்டும் சுத்திட்டே இருக்கான். எனக்கே என் மேல சந்தேகம் வந்துச்சு.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"லோடை இறக்குன்னு அர்த்தம் சார். கிரேன் சைகை."

அவரு கம்ப்யூட்டர்ல எதையோ தேடுனாரு. தேடிட்டு சாஞ்சு உக்காந்தாரு. "உங்க பரீட்சையில எம்பத்தெட்டாவது கேள்வி இதே படம். இந்தச் சைகைக்கு என்ன பொருள்னு கேட்டிருக்கு. விடை, சுமையை இறக்கு. முப்பத்தஞ்சு நிமிஷமா ஹால் முழுக்க விடையைக் காட்டிட்டு இருந்திருக்கீங்க."

"எம்பத்தெட்டுக்கு நான் இன்னும் வரல சார். எழுபத்தொண்ணுல இருக்கேன்."

மேடம் கண்ணாடியை நெத்தியிலிருந்து கீழ இறக்கி பொறுப்பாளரைப் பாத்தாங்க.

"சார்"ன்னாங்க, "இப்ப நீங்க அவருக்கு விடையைச் சொல்லிட்டீங்க."

அவரு முகத்தைப் பாத்தேன். வெளுத்துச்சு. உள்ளங்கையை பேன்ட்ல துடைச்சுக்கிட்டாரு. என்னைப் பாக்காம செவுத்தைப் பாத்தாரு. என் வீட்டுக்காரி சொன்னது அப்படியே சரி.

"எனக்கு அது முன்னாடியே தெரியும் சார். இப்பதானே உங்களுக்கு நான் சொன்னேன்"னேன்.

அதுக்கப்புறம் வேலை வேகமா நடந்துச்சு. உக்காந்திருக்கவங்க லிஸ்ட்டை எடுத்தாங்க. முடி வெட்டுறவங்க ஏழு பேர், பாய்லர் நாலு, ஃபோர்க்லிஃப்ட் பதினொண்ணு, மிச்சம் பிளம்பர். கிரேன் நான் ஒருத்தன்தான். லோடை இறக்குங்கற விடையால முடி வெட்டுற அம்மாவுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லன்னு முடிவாச்சு.

"போயி எழுதுங்க. போன நேரம் போனதுதான், திருப்பித் தர முடியாது. இடது கை மேஜை மேல விரிச்ச மாதிரி இருக்கணும். ஒரு விரல் அசைஞ்சாலும் வெளிய அனுப்பிடுவேன்."

"சரி சார்."

பதினாலு நிமிஷம் போயிருந்துச்சு. எம்பது கேள்வி பாக்கி, எம்பத்தாறு நிமிஷம் பாக்கி. மேடம் நாற்காலியை என் பக்கத்துலயே இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. இடது கையை விரிச்சு வச்சேன். முடி வெட்டுற அம்மா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்துட்டுத் திரும்பிக்கிட்டாங்க.

எழுபத்தொண்ணாவது கேள்வி திரையில இருக்கு. விடை ரெண்டாவது. தெரியும். வலது கை மவுஸ் மேல. நிக்குது.

நின்னுச்சு. எனக்கு அந்த நாற்காலி கண்ணுல வந்துச்சு, ஒரு சக்கரம் இல்லாதது. காலைல எட்டு மணிக்கு ஹெல்மெட், சாயங்காலம் ஆறு மணிக்கு ஹெல்மெட். வெளிய ரேடியோ எவனுக்கோ "இறக்கு இறக்கு"ன்னு சொல்றது செவுத்துக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். அப்பதான் முதல் தடவையா எனக்கு உள்ளங்கை வேர்த்துச்சு. இதான் பயம் போலன்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

வேர்த்தப்ப காலும் கூசுச்சு. ஷூவுக்குள்ள கட்டைவிரல் தானா ஒரு தடவை அசைஞ்சுது.

மேடம் பாக்கல. எப்படிப் பாப்பாங்க? இரும்பு மூடி. உள்ள விரல் என்ன ஆட்டம் போட்டாலும் வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. பொறுப்பாளர் கை விரலைத்தான் சொன்னாரு, கால் விரலைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அவரு சொன்னதை மனசுல ரெண்டு தடவை ஓட்டிப் பாத்துக்கிட்டேன், விதிக்கு விரோதமா எதுவும் பண்ணக் கூடாதுன்னு.

கால் கட்டைவிரல் வட்டம் போடாது. மேல, கீழ, மேல, கீழ, அவ்வளவுதான். வலது கை கொஞ்ச நேரம் யோசிச்சுது. புது சிக்னல்காரன் வந்தா முதல் நாள் நான் எப்படி யோசிப்பேனோ அப்படி. அப்புறம் அமுக்குச்சு.

எம்பத்தெட்டு வந்துச்சு. படத்துல ஒரு கை, விரல் கீழ. மேடம் எட்டிப் பாத்தாங்க. சரியா போட்டா சந்தேகப்படுவாங்களோ, தப்பா போட்டுடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அப்புறம் ஒரு மார்க்கு ஒரு மார்க்குதான்னு சரியாவே போட்டேன். மேடம் பெருமூச்சு விட்டாங்க.

நூத்திப் பதினேழுல வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு. உயிர் போற வலி. காலை நீட்டுனா மேடம் எந்திரிப்பாங்க. நீட்டல. இடது கால் கட்டைவிரலுக்கு மாத்தினேன். அது நூத்தி முப்பத்தஞ்சு வரைக்கும் தாங்குச்சு, அப்புறம் அதுவும் மரத்துப்போச்சு. திரும்ப வலது. கூண்டுல பத்து மணி நேரம் உக்காந்து பழகின உடம்புங்கறதால பொறுத்துச்சு. அதுக்குத்தான் உதவுச்சு அந்த உடம்பு, மூளைக்கு இல்ல.

நூத்தியம்பது முடிச்சப்ப ரெண்டு நிமிஷம் மிச்சம். சமர்ப்பிக்கவான்னு கேட்டுச்சு. அமுக்கினேன். திரையில ஒரு வட்டம் சுத்துச்சு, என் விரல் மாதிரியே. தொண்ணூத்தி மூணு. தேர்ச்சி.

எந்திரிச்சேன். ரெண்டு காலும் என்னுதா இல்லையான்னு தெரியாம மேஜையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மேடம் திரையைப் பாத்துட்டு, "கை அசைக்காமயே எழுத முடிஞ்சுதே. அப்புறம் எதுக்கு அத்தனை ஆட்டம்?"னாங்க.

"தப்புதான் மேடம்"னேன்.

வாசல்ல வீட்டுக்காரி, மக, ரேடியோ மூணு பேரும் நின்னாங்க. நான் நொண்டிட்டு வர்றதைப் பாத்து ரேடியோ தலையில கை வச்சுட்டான். "அடிச்சிட்டாங்களா அண்ணே?"

"பாஸ்"ன்னேன்.

அவன் வாய் பேசாம நின்னதை அன்னிக்குத்தான் பாத்தேன். ஒரு அஞ்சு செகண்ட் இருக்கும். எனக்குப் படபடன்னு வந்துடுச்சு. "டேய், ஏதாவது பேசுடா"ன்னேன்.

திங்கக்கிழமை ஏணியில கால் வைக்கப் போகும்போது ரெண்டாவது கிரேன் ஓட்டுறவன் ஓடி வந்தான். அவனும் அந்த வாரம் எழுதியிருக்கான். அம்பத்தஞ்சு. இஞ்சினியர் அவனுக்கு அந்த நாற்காலியைக் காட்டிட்டாராம்.

"நாலு வாழைப்பழம் சாப்பிட்டுப் போனேண்ணே. பதினஞ்சு நிமிஷத்துல கை நின்னுடுச்சு. எப்படிண்ணே பாஸ் பண்ணீங்க?"

நான் அவன் காலைப் பாத்தேன். துணி ஷூ.

"முதல்ல இதை மாத்து"ன்னேன். "மிச்சத்தை சாப்பாட்டு நேரத்துல சொல்றேன்."

மேல ஏறி உக்காந்து வாக்கி-டாக்கியைப் போட்டேன். ரேடியோ ஏற்கனவே பேசிட்டு இருந்தான்.